தாரா வேட்டைக்கு அரைத் தன்னியக்க சொட்கன்: மருமகனுக்கு எதைச் சொல்வது?

ஒலுமடுவான் கேட்டது:

வணக்கம். நான் வவுனியா வடக்கில் வயல் செய்பவன். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து, வரும் செப்டெம்பரில் நண்பர்களுடன் தாராவும் பெரிய காட்டு வாத்தும் சுடப் போகிறான். "மாமா, உங்கட அப்பாட்ட துவக்கு இருந்ததுதானே, எதை வாங்கிறதெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்கிறான். என் தகப்பனார் வைத்திருந்தது பழைய இரட்டைக்குழல். ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் அரைத் தன்னியக்கத் துவக்கை நான் கையில் தொட்டதுகூட இல்லை. பையன் ஐந்தடி நான்கு அங்குலம், மெலிந்த உடல், இடக்கைக்காரன். வாயுவால் இயங்குவது நல்லதா, சடத்துவத்தால் இயங்குவது நல்லதா என்றும், மூன்று அங்குலத் தோட்டா போதுமா, மூன்றரை வேண்டுமா என்றும் அறிந்தவர்கள் கூறினால் நன்றி. இன்னொன்று: அடுத்த ஆண்டு ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து, பன்றிக் காவலுக்கு என்னிடம் விட்டுப்போகலாமா என்றும் கேட்கிறான்.

மாங்குளத்தார் எழுதியது:

ஐயா, ஒன்ராறியோவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். அதில் பத்துப் பருவங்களாவது சதுப்பில் நின்றிருக்கிறேன். எந்த இயக்கம் என்பதை ஆராய்வதற்கு முன்னர், துவக்கு உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடையில், உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதிசெய்தபின், கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குத் தூக்கி, கன்னத்தைப் பிடங்கில் (தோளில் வைக்கும் பின்கட்டையில்) பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் நுனிமணி கண்ணுக்கு நேரே நின்றால் அது அவனுடைய துவக்கு; பக்கவாட்டில் நின்றால் எவ்வளவு விலையானாலும் அது வேறொருவருடையது. வேட்டைக்குப் போடும் தடித்த குளிர்ச்சட்டையுடனேயே இதைச் செய்யட்டும், ஏனெனில் அந்தச் சட்டையின் தடிப்பினால், மெல்லிய சட்டையில் சரியாக இருந்த பிடங்கு நீளமாகி அக்குளில் சிக்கும்.

இடக்கை என்பதால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண துவக்கு வெற்றுக்கோதை வலப்புறம் வீசும். இடத்தோளில் வைத்துச் சுடுபவனுக்கு அது முகத்துக்கு முன்னால் பறக்கும். பெனெல்லி, பெரெட்டா இரண்டு நிறுவனங்களும் இடக்கை வடிவங்களைச் செய்கின்றன. பிடங்குக்கும் துவக்கின் உடலுக்கும் இடையில் செருகும் மெல்லிய தகடுகளும் அவற்றுடன் வரும்; அவற்றை மாற்றிப் பிடங்கை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்க்கலாம்.

வாயு இயக்கத்தில், வெடித்த வாயுவின் சிறு பகுதி குழலிலுள்ள துளைகள் வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளி, போல்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டை, பின்னே கொண்டுபோகும். உதை நீண்டு பரவுவதால் தோளுக்கு மென்மையாக இருக்கும். பெரும்பாலும் எடையும் கூடுதல், அதுவும் உதையைக் குறைக்கும். மெலிந்த உடலுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் கரி படியும். நான் ஒரு பருவம் முழுவதும் கழற்றித் துடைக்காமல், மேலே மேலே தடித்த எண்ணெயை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். நவம்பர் விடியலில் உறைகுளிரில் எண்ணெய் பசையாக இறுகி, முதல் வெடியோடு போல்ட் பாதியில் நின்றுவிட்டது. தாராக் கூட்டம் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் போனதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பழி துவக்கின் மேல் இல்லை.

முள்ளியவளை வாசகன் எழுதியது:

மாங்குளத்து அண்ணா பொருத்தத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், இயக்கத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சடத்துவ இயக்கத்தில் துவக்கு முழுவதும் தோளை நோக்கிப் பின்வாங்கும் கணத்தில், போல்டின் உடல் அசையாமல் நிற்க முயல்வதால் உள்ளேயிருக்கும் தடித்த சுருள்வில் அமுங்கி, பின்னர் விரிந்து போல்டை எறிகிறது. வாயு உள்ளே வராததால் அழுக்குக் குறைவு. சேற்றிலும் மழையிலும் நாள் முழுவதும் கிடக்கும் வேட்டைக்கு அதுவே தோது. அதில் ஒரு குறை உண்டு: போல்ட் எங்காவது தட்டுப்பட்டுச் சற்றே விலகி, முழுமையாகப் பூட்டிக்கொள்ளாமல் இருந்தால், விசையை இழுக்கும்போது 'டிக்' என்ற ஓசை மட்டுமே வரும். தோட்டா ஏற்றும்போது போல்டை மெதுவாக விடாமல் முழு வேகத்தில் மூடவிட வேண்டும்.

தோட்டா விடயத்தில் மூன்று அங்குலமே போதும். மூன்றரை அங்குல அறையுள்ள அரைத் தன்னியக்கத் துவக்கை முதலில் 1991இல் பெனெல்லி கொண்டுவந்தது. உயரப் பறக்கும் வாத்துக்கு அது உதவலாம், ஆனால் அந்த உதையை வாங்கிய மெலிந்த பையன் அடுத்த வெடிக்குக் கண்ணை மூடத் தொடங்குவான். பழக்கத்தைக் கெடுப்பதைவிட, பறவையை 35 மீற்றருக்குள் வரவிடுவது மேல்.

கனடாவில் 1999 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடை. உருக்குச் சன்னம் ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால், ஈயத்தில் பயன்படுத்தியதைவிட இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்: தாராவுக்கு 2 அல்லது 3ஆம் இலக்கம், பெரிய வாத்துக்கு அவற்றைவிடப் பெரிய 'பீபீ' சன்னம். சோக்கும் (குழலின் நுனியில் சன்னத்தின் பரவலைக் கட்டுப்படுத்தும் ஒடுக்கம்) இறுக்கமாக இருக்கக்கூடாது, ஏனெனில் உருக்கு ஈயம்போல் நசுங்கிக் கொடுக்காது, மொடிஃபைட் எனும் நடுத்தர ஒடுக்கம் போதும். ஒரு பெரிய தாளில் சுட்டுச் சன்னம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். அறையில் ஒன்றும் குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயில் இரண்டுமாக மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்புக்கட்டை இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

கொக்குளாய்க்கரை எழுதியது:

துவக்கை ஊருக்குக் கொண்டுவருவது பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கொண்டுவர வேண்டாம், ஐயா. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. மருமகனின் கனடாப் பத்திரம் உங்கள் கொட்டிலில் செல்லாது. பன்றியும் மயிலும் காலபோகத்தை அழிப்பது எனக்கும் தெரியும், என்னிடம் அனுமதியுள்ள ஒற்றைக்குழல் உண்டு. பயிர்க்காவலுக்கு வேண்டுமானால் உங்கள் பெயரிலேயே மாவட்டச் செயலகத்தினூடாக விண்ணப்பியுங்கள்.

அவன் இங்கே தாரா சுட நினைத்தாலும் தடுத்துவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் குளங்களின் நீர்ப்பறவைகளைக் காக்கிறது. எங்கள் கொக்குளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். மாரியில் வடக்கிலிருந்து வந்திறங்கும் ஊசிவால் தாராக்களைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைநோக்கி போதும்.

ஒலுமடுவான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அவனுடன் பேசினேன். கண்ணை மூடித் தூக்கிப் பார்த்ததில் இடக்கை வாயுத் துவக்கு ஒன்றின் நுனிமணி நேரே நின்றதாம். மூன்று அங்குலத்தில் அதையே எடுக்கிறான். பருவம் முடியும்வரை ஒவ்வொரு கிழமையும் பிஸ்டனைக் கழற்றித் துடைத்துப் படம் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது துவக்குக்குப் பதிலாகத் தொலைநோக்கி வருகிறது.