36 பே சேஸியில் செத்த டிரைவ் எந்த ஸ்லாட்? லொக்கேட் லைட் எரியல

ரேக்ஓரம் கேட்டது:

சூப்பர்மைக்ரோ 847 சேஸி, 4யூ. முன்பக்கம் 24 டிரைவ், பின்பக்கம் 12, எல்லாமே சாட்டா. எல்எஸ்ஐ 9300 கார்டு, ஐடி மோடு (கார்டு ரெய்டு பண்ணாம டிரைவை அப்படியே காட்டும்). டெபியனில் இசட்எஃப்எஸ் (டிரைவ்களை ஒரே பூலா சேர்க்கிற ஃபைல் சிஸ்டம்). 12 டிரைவ் போட்ட ரெய்டுஇசட்2 (ரெண்டு டிரைவ் போனாலும் தாங்குற தொகுதி) மூணு, அதனால ஒரு பே (டிரைவ் செருகுற இடம்) கூடக் காலி இல்லை. ஒரு டிரைவ் மொத்தமா காணாமப் போச்சு. இசட்பூல் ஸ்டேட்டஸில் பேர் இருந்த இடத்தில் நீள எண், பக்கத்தில் அது முன்னாடி எஸ்டிடி-யா இருந்துச்சுன்னு குறிப்பு. லைட் போடுற லெட்சிடிஎல் கட்டளையில் லொக்கேட் கொடுத்தா அப்படி ஒரு டிவைஸே இல்லைங்குது.

சர்வர் வெளி டேட்டா சென்டரில் இருக்கு. டிரைவை உருவப்போறது அங்க ஷிப்டில் இருக்கிறவர். அதே விடெவ்வில் (12 டிரைவ் தொகுதியில்) இன்னொரு டிரைவுக்கு ஸ்மார்ட் 197 (படிக்க முடியாம நிக்கிற செக்டர் எண்ணிக்கை) ஏறிட்டே வருது. இந்த நேரத்தில் தப்பான டிரைவ் வெளியே வரக்கூடாது. ஸ்லாட்டை எப்படி உறுதி பண்றது?

பேக்பிளேன் எழுதியது:

எஸ்டிடி-யை மறந்துடுங்க. நடுவில் ரீபூட் ஆகியிருந்தா அந்தப் பேர் இப்ப நல்லா ஓடுற வேற டிரைவுக்குப் போயிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது சீரியல் நம்பர். பூல் விவரம் காட்டுற இசட்டிபி கட்டளையைப் பெரிய சி ஆப்ஷனோட ஓட்டுங்க. அந்த நீள எண் இருக்கிற பகுதியில் டெவ்ஐடி-ன்னு ஒரு வரி வரும். பூலை எஸ்டி பேரில் உருவாக்கியிருந்தாலும் மாடலும் சீரியலும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

அடுத்து கார்டோட சொந்தக் கட்டளை, சாஸ்3ஐஆர்சியூ 0 டிஸ்ப்ளே. ஒவ்வொரு டிரைவுக்கும் என்குளோஷர் (டிரைவ் இருக்கிற பெட்டிப் பகுதி), ஸ்லாட், சீரியல் மூணையும் வரிசையா காட்டும். முழுசா செத்தது அதில் வராது. 36-ல் எந்த எண் விட்டுப்போயிருக்குன்னு பாருங்க, அதுதான் உங்க ஸ்லாட். சீரியலைத் தேடும்போது கடைசி எட்டு எழுத்தை மட்டும் தேடுங்க. நடுவில் வர்ற ஹைஃபன் ஒரு டூலில் இருக்கும், இன்னொண்ணில் இருக்காது.

இந்தச் சேஸியில் பலரும் கவனிக்காத விஷயம்: முன்னாடி ஒரு பேக்பிளேன் (டிரைவ்கள் போய்ச் சொருகுற போர்டு), பின்னாடி ஒண்ணு. எக்ஸ்பாண்டர் (சில கேபிளிலேயே நிறைய டிரைவை இணைக்கிற சிப்) வச்ச மாடல்னா கார்டுக்கு ரெண்டும் தனித்தனி என்குளோஷர். ஒண்ணில் ஸ்லாட் 0 முதல் 23, மற்றதில் 0 முதல் 11. அதாவது ஸ்லாட் 7 ரெண்டு இருக்கு. வெறும் "ஸ்லாட் 7"னு டிக்கெட் போட்டா, வர்றவர் முன்பக்கம் போய் நிப்பார்.

லைட் எரிய டிரைவ் உயிரோட இருக்கணும்னு அவசியமில்லை. லெட்சிடிஎல்லுக்குத்தான் டிவைஸ் பேர் வேணும். என்குளோஷரோட பேசுற செஸ் கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தா சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys) கிளாஸ், அதுக்குள்ள என்குளோஷர்னு போங்க. ஸ்லாட்டுக்கு ஒரு டைரக்டரி இருக்கும், அதில் லொக்கேட்-ங்கிற ஃபைலில் 1 எழுதினா பேக்பிளேனே லைட்டைப் போடும். அங்கேயே இன்னொரு சாட்சியும் கிடைக்கும்: டிரைவ் தெரியுற ஸ்லாட்டில் டிவைஸ்-னு ஒரு லிங்க் இருக்கும். 35 ஸ்லாட்டில் அந்த லிங்க் இருக்கு, ஒண்ணில் மட்டும் இல்லைன்னா, சாஸ்3ஐஆர்சியூ சொன்னதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

சிவப்புவிளக்கு எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனா லைட் எரியுதுன்னு மட்டும் நம்பி உருவச் சொல்லாதீங்க. இந்த பேக்பிளேனில் சிவப்பு நிலையா எரிஞ்சா ஃபெயில், வேகமா மின்னினா லொக்கேட், மெதுவா மின்னினா ரீபில்ட். மூணும் ஒரே பல்பு. எப்பவோ போட்ட லொக்கேட்டை யாரும் அணைக்காம விட்டிருந்தா அதுவும் மின்னிக்கிட்டே இருக்கும். முதல்ல எல்லா ஸ்லாட்டிலும் 0 எழுதி அணைச்சிட்டு, அப்புறம் ஒண்ணை மட்டும் போடுங்க.

எக்ஸ்பாண்டர் இல்லாத மாடல்னா (பேக்பிளேன் பேர் ஏ-ன்னு முடியும்) கதையே வேற. நாலு நாலு டிரைவுக்கு ஒரு கேபிள் வரும். ரெண்டு கேபிளை மாத்திச் சொருகியிருந்தா லைட் பக்கத்து நாலில் எரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது.

சந்தேகம் தீரலைன்னா நல்லா இருக்கிறதை வேலை வாங்குங்க. டிரைவை நேரா படிக்கிற டிடி கட்டளையில் டைரக்ட் ஃபிளாக் போட்டு ஒவ்வொண்ணிலும் 2 ஜிபி படிக்க விடுங்க. டைரக்ட் போடலைன்னா கேஷிலிருந்து வந்து லைட் சும்மா இருந்துடும். நீலம் மின்னாத பே எதுன்னு அங்க இருக்கிறவர் சொல்லட்டும். 197 ஏறுற டிரைவை மட்டும் இதில் சேர்க்காதீங்க.

ரேக்ஓரம்:

டெவ்ஐடி-யில் சீரியல் கிடைச்சது. லிஸ்டில் காணோம். டிவைஸ் லிங்க் இல்லாதது பின்பக்க என்குளோஷரில் ஸ்லாட் 7, ரெண்டும் ஒத்துப்போகுது. டிக்கெட்டில் என்ன எழுதலாம்?

பேக்பிளேன்:

எண்ணை அவர் எண்ண வேண்டிய நிலைமையே வரக்கூடாது. முதல்ல ஸ்லாட் 0, அப்புறம் 1 எரிய விட்டு ஃபோட்டோ கேளுங்க. எண்ணிக்கை மேலே போகுதா, பக்கவாட்டில் போகுதான்னு தெரிஞ்சிடும். ரெண்டையும் அணைச்சிட்டு 7 போடுங்க. டிக்கெட் இப்படி:

"சேஸியின் பின்பக்கம். சிவப்பு வேகமாக மின்னும் ஒரே டிரே. உருவும் முன் ஃபோட்டோ அனுப்பி எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவும். டிரேயை 3 செ.மீ. மட்டும் இழுத்து 30 விநாடி விடவும், பிறகு முழுதாக எடுக்கவும். லேபிளில் சீரியலின் கடைசி நான்கு எழுத்து (இங்கே எழுதுங்க) பொருந்தாவிட்டால் அதே பேயில் உடனே திரும்பச் செருகவும்."

அந்த 30 விநாடி, டிரைவ் இன்னும் சுத்திட்டிருந்தா நிக்கிறதுக்கு. தப்பா வந்ததைத் திரும்பச் செருகினாலும் பெரிய சேதமில்லை. இசட்பூல் ஆன்லைன் கொடுத்தா இடைப்பட்ட மாற்றத்தை மட்டும் ரிசில்வர் (திரும்ப எழுதிச் சரி) பண்ணிக்கும்.

புதுசு போட்டதும் ரீப்ளேஸில் பழைய பேருக்குப் பதிலா அந்த நீள எண்ணையும், புதுசுக்கு பை-ஐடி பாதையையும் (மாடல், சீரியல் சேர்ந்த பேர்) கொடுங்க. ரிசில்வர் முடியற வரை 197 டிரைவைத் தொடாதீங்க. அரைகுறையா இருந்தாலும் அது படிச்சுக் கொடுக்கிற பிளாக் உங்களுக்கு வேணும்.

சிவப்புவிளக்கு:

டிஸ்ப்ளே அவுட்புட்டை தினமும் தானா ஓடுற ஒரு கிரான் எழுதி வேற மெஷினில் சேமிச்சு வைங்க. அடுத்த டிரைவ் போகும்போது இந்தக் கழித்துப் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை, அந்த ஃபைலில் சீரியலை கிரெப் பண்ணினா (தேடினா) ஸ்லாட் வந்துடும்.