புதுக் காரில் கடலோரப் பயணம்: கண்ணூர் மணலா, தனுஷ்கோடிச் சாலையா?

கேள்வி (பெருந்துறை)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் புது பெட்ரோல் கார் எடுத்திருக்கிறோம். பண்ணாரி அம்மன் கோயிலில் பூசை போட்டு வந்ததைத் தவிர நெடும்பயணம் எதுவும் போகவில்லை. அப்பா, அம்மா, அமுச்சி (பாட்டி) மூவரையும் அழைத்துக்கொண்டு கடலோரமாக ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கண்ணூர் அருகேயுள்ள முழப்பிலங்காடு கடற்கரைக்குப் போனால் மணலிலேயே காரை ஓட்டலாம் என்கிறான் தம்பி. அப்பாவோ தனுஷ்கோடிதான் என்கிறார். முதல் சர்வீசுக்கு முன்பே இவ்வளவு தூரம் ஓட்டலாமா, உப்புக் காற்றால் வண்டிக்குக் கேடு வருமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (காங்கேயம்)

உங்கள் அப்பா சொல்வதே சரி என்பது என் கருத்து. முழப்பிலங்காட்டில் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்கு இறுகிய மணல் இருப்பதும், அதில் கார் ஓட்ட முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் இறுகிய மணல் அலை நனைக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்பதால், அங்கே ஓட்டுகிறவர்கள் சக்கரம் வாரியடிக்கும் உப்பு நீரைத் தாங்களே வண்டியின் அடிப்பாகம் முழுவதும் பூசிக்கொள்கிறார்கள். நீரேற்றம் வரும் நேரம் தெரியாமல் நிறுத்தினால் அதைவிடப் பெரிய தொல்லை.

தனுஷ்கோடியில் அந்தக் கவலை இல்லை. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு பல ஆண்டுகள் வேன்கள் மட்டுமே மணலில் தடம் பிடித்துப் போய்வந்த இடத்துக்கு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போடப்பட்ட 9.5 கி.மீ. தார்ச்சாலை 2017-இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் சீறும் ஆண்கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் இரண்டையும் உங்கள் அமுச்சி இருக்கையில் இருந்தபடியே பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: படம் எடுப்பதற்காகக்கூடச் சாலையை விட்டு மணலில் இறக்கி நிறுத்தாதீர்கள். முன்சக்கரம் ஒருமுறை புதைந்துவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் இறங்கும்.

பதில் (பல்லடம்)

பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். முதல் 1,000 கி.மீ.க்குள் நெடும்பயணம் போகக் கூடாது என்பதில்லை. நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓட்டுவதும், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பதும், மேல் கியரில் எஞ்சினைத் திணற விடுவதும்தான் கூடாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு நன்றாகப் படிவதற்கு வேகம் ஏறி இறங்கி வர வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு முதல் சர்வீஸ் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம் என்பதால், போய்வந்த கையோடு வண்டியை சர்வீசுக்கு விட்டுவிடலாம்.

உப்புக் காற்றுக்கு ஓரிரு நாளில் வண்டி துருப்பிடித்துவிடாது. காலையில் பிரேக் டிஸ்க்கில் செம்மஞ்சள் படலம் தெரிந்தால் பதற வேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். முன்கண்ணாடியில் வெள்ளையாகப் படியும் உப்பின் மேல் வைப்பரை வறட்டாகப் போடாமல், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் கண்ணாடி கீறிவிடும். திரும்பும்போது அடிப்பாகத்துக்கு வாட்டர் சர்வீஸ் கட்டாயம். ஆனால் இராமநாதபுரம் பக்கம் போர்த் தண்ணீரே பல இடங்களில் உப்பு என்பதால், மதுரை தாண்டி நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் செய்வதே பயன் தரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றிங்க. தனுஷ்கோடி என்றே முடிவு செய்துவிட்டோம். அங்கிருந்து கடலோரமாகவே தூத்துக்குடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் நன்றாக இருக்குமா?

பதில் (கரூர்)

கடலைப் பார்ப்பதற்காக என்றால் வேண்டாம். ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகச் செல்லும் சாலை பெயருக்குத்தான் கடற்கரைச் சாலை. பெரும்பகுதியில் பனைமரமும் சீமைக் கருவேலமுமே கண்ணில் படும். அந்த நேரத்தைப் பாம்பனில் செலவிடுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமல் மெதுவாகக் கடந்தாலே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் பக்கத்தில் தெரியும்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகப் போனால் 350 கி.மீ.க்கு மேல் வரும். பெரியவர்கள் உடன் வருவதால் அன்றிரவு இராமேசுவரத்தில் தங்கி, மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அரிச்சல்முனைக்குப் போங்கள். மாலைக்குப் பிறகு அங்கே விடமாட்டார்கள். ஆடிக் காற்று ஓயும் வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்தக் காற்றில் மணல் பறந்து சாலையை மூடுவதோடு புதுப் பெயின்ட்டிலும் வந்து அடிக்கும்.