சமூக அறிவியலுக்குப் புத்தகமே வரவில்லையே என்று தவிக்கும் பெற்றோருக்கு

"கணக்குக்குப் பயிற்சித் தாள் வருகிறது, வாசிக்கக் கதைப் புத்தகம் வருகிறது. சமூக அறிவியலுக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லையே?" வெளிநாட்டுக்கு வந்த புதிதில் பலரும் இப்படிக் கேட்கிறீர்கள். பல நாடுகளில் தொடக்கப் பள்ளியில் இந்தப் பாடம் பிள்ளையிடமிருந்துதான் தொடங்கும். முதலில் நான், என் குடும்பம்; அப்புறம் பள்ளி, தெரு, ஊர். நாடும் உலகமும் பிறகுதான். அதனால் தலைநகரங்களை ஒப்பிக்க வைக்க அவசரப்படாதீர்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தன் அறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து வரச் சொன்னார்கள். ஓவிய வேலைதானே என்று விட்டுவிட்டேன். அவளோ பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து அறை முழுக்க அளந்தாள். கட்டில் 10 பாதம், கதவு 4 பாதம். கட்டம் போட்ட தாளில் ஒரு பாதத்துக்கு ஒரு கட்டம். "ஜன்னல் இருப்பது எந்தத் திசை?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, நிலப்படம் என்றால் என்ன என்பதையே அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று.

ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் உலக உருண்டை வாங்குங்கள். சுவரில் மாட்டும் பல உலகப் படங்களில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு. நிலப்படம் வரைபவரான மெர்கேட்டர் 1569இல் இந்த வகைப் படத்தை வரைந்தது கடலோடிகளுக்காக. திசைமானி காட்டும் ஒரே திசையில் போகும் வழி அதில் நேர்கோடாக விழும். அதற்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருத்துவிடும். அப்புறம் ஒரு நூலை எடுத்து, உருண்டையில் நியூயார்க்குக்கும் டோக்கியோவுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாது, அலாஸ்கா பக்கமாக ஏறி இறங்கும். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் அப்போது!

கண்டங்கள் ஏழு என்று உங்கள் பிள்ளை சொல்ல, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த தோழன் ஆறு என்று சொல்லலாம். அங்கே பல நாடுகளில் இரண்டு அமெரிக்காவையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று பேசுங்கள். 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் 'கண்டுபிடித்தார்' என்று படித்து வந்தாலும் அப்படித்தான். அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்களே, அவர்கள் கரையில் நின்று எதைப் பார்த்திருப்பார்கள்?

பண்பாட்டு நாள் என்று கொடியும் உடையும் கேட்பார்கள். கொடுத்து அனுப்புங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு நாட்டைப் பற்றிப் பேசும்போது, அங்கே உன் வயதுப் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போகும், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், தாத்தா பாட்டி யாரோடு இருப்பார்கள் என்று கேளுங்கள். பண்பாடு என்பது அந்த அன்றாடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று. வகுப்பில் உங்கள் பிள்ளை ஒரு நாட்டுக்கே பிரதிநிதிபோல் நிற்க வேண்டிவரும். முந்தின இரவு ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லுங்கள். "எங்கள் நாட்டில் எல்லோரும்..." என்று தொடங்கினால் நிறுத்தி, "எல்லோருமா?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் வீட்டில்..." என்று தானே மாற்றிக்கொள்ளும்.