கல்யாணத்துக்கு நானே மேக்கப் போடறேன்: கண் மேக்கப் நாள் முழுக்க நிக்க என்ன செய்யணும்?

வானவில்:

கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மேக்கப் ஆர்டிஸ்ட் வேண்டாம், நானே போட்டுக்கறேன்னு முடிவு பண்ணியாச்சு. ஃபவுண்டேஷன், ப்ளஷ் எல்லாம் ஓரளவு கைவந்த விஷயம். கண்ணுலதான் இடிக்குது.

இமையில எண்ணெய்ப் பசை ஜாஸ்தி. கண்ணைத் திறந்தா மேல் தோல் மடிஞ்சு இமையில பாதியை மூடிடும், அதனால போட்ட ஷேடோ வெளியவே தெரியாது. லைனர் மேல் மடிப்புல அச்சு விழுந்துடுது. காஜல் ரெண்டு மணி நேரத்துல கண்ணுக்குக் கீழ இறங்கிடுது. இதோட காண்டாக்ட் லென்ஸ் வேற. விடிகாலையில போட்டா ராத்திரி வரைக்கும் நிக்கணும், ஃபோட்டோலயும் கண் எடுப்பா தெரியணும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? பிராண்ட் பேர் கூட வேண்டாம், செய்முறை தெரிஞ்சா போதும்.

தூரிகை:

வாழ்த்துகள் தோழி. நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: எண்ணெய். இமை ஓயாமல் மடிந்து விரிகிற இடம். அந்த மடிப்பில் எண்ணெயும் க்ரீமும் சேர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஷேடோவும் கோடாகத் திரண்டுவிடும். அதனால் புது ஷேடோ தேடுவதற்கு முன் இமையைத் தயார் செய்வதைப் பழகுங்கள்.

கெட்டியான ஐ க்ரீமை முந்தைய இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் லேசான ஜெல் மாய்ஸ்சரைசர், அதுவும் கண்ணுக்குக் கீழே மட்டும். மேல் இமைக்கு எதுவும் வேண்டாம். தொடங்கும் முன் உலர்ந்த டிஷ்யூவால் இமையை ஒற்றி எடுங்கள்.

அடுத்து ஐ பிரைமர், ஷேடோ ஒட்டி நிற்க அடியில் போடும் பூச்சு. ஒரு அரிசி அளவு இரண்டு கண்ணுக்கும் தாராளம். மோதிர விரலால் இமைமுடி வேரிலிருந்து புருவ எலும்பு வரை மெலிதாகத் தட்டிப் பரப்பி, ஒரு நிமிடமாவது காயவிடுங்கள். அதிகமாகப் போனால் பிரைமரே மடிப்பில் திரளும். பிரைமருக்குப் பதில் கன்சீலர் (கறையை மறைக்கும் க்ரீம்) போடுகிறவர்கள் நிறைய. காய்ந்து இறுகும் வகையாக இருந்தால் பரவாயில்லை. கடைசிவரை க்ரீமாகவே இருக்கும் வகை உங்கள் இமையில் மதியம் வரைகூடத் தாங்காது.

பிரைமர் காய்ந்ததும் தோல் நிறத்தை ஒட்டிய மேட் (மினுமினுப்பில்லாத) ஷேடோவை இமை முழுக்க ஒரு பூச்சு. இதைத் தவறவிடாதீர்கள். பிசுபிசுப்பான பிரைமர் மேல் நேரடியாக அடர் நிறம் போட்டால், பட்ட இடத்திலேயே திட்டாக ஒட்டிக்கொண்டு நகராது. அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் சேறுதான்.

நிறம் மூன்று போதும். உங்கள் தோலைவிட இரண்டு மூன்று ஷேட் அடர்ந்த மேட் பிரவுன் மடிப்புக்கு, அதைவிட அடர்ந்த பிரவுன் வெளி ஓரத்துக்கு, பளபளக்கும் ஷிம்மர் இமையின் நடுவுக்கு. மேட்டை நுனி பட்டும் படாமல் எடுத்து, பிரஷ்ஷைத் தட்டிவிட்டு, காம்பின் கடைசியைப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக வீசுங்கள். பிடி பிரஷ் முடிக்குப் பக்கத்தில் வந்தால் அழுத்தம் கூடித் திட்டு விழும். ஷிம்மரை வீசக் கூடாது, விரல் நுனியாலோ ஈரத் தட்டை பிரஷ்ஷாலோ அழுத்தி வைக்க வேண்டும். ஷேடோவை எடுத்த பிறகு பிரஷ்ஷில் ஒருமுறை செட்டிங் ஸ்ப்ரே (மேக்கப்பை நிலைநிறுத்தும் திரவம்) அடியுங்கள். ஈர பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தால் அதன் மேல் ஏடு போல இறுகி, அடுத்த முறை நிறமே ஏறாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபவுண்டேஷன். ஷேடோத் தூள் கன்னத்தில் உதிரும். வெறும் தோலில் உதிர்ந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம், ஃபவுண்டேஷன் மேல் உதிர்ந்தால் கறைதான்.

கிளிட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், லென்ஸ் போடுகிறவர் நீங்கள். ஒரு துணுக்கு லென்ஸுக்கு அடியில் போனால் கருவிழியைக் கீறிவிடும். கைவேலைக்கு விற்கும் கிளிட்டரை யாருமே கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அஞ்சனம்:

தூரிகை சொன்ன அடித்தளம் அப்படியே சரி. மேல் தோல் மடிஞ்சு மூடின இமைக்கு மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கறேன்.

உங்க மாதிரி கண்ணுக்கு ஒரே விதி: கண்ணைத் திறந்து, கண்ணாடியை நேராப் பார்த்து, முகத்தைத் தளர்த்தி வெச்சுக்கிட்டுதான் எங்க போடணும்னு குறிக்கணும். புருவத்தைத் தூக்கிக்கிட்டு போட்டா, இறக்கினதும் எல்லாம் மறைஞ்சுடும். இயற்கையான மடிப்பு உள்ள ஒளிஞ்சிருக்கறதால, அதுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மேல, தொங்கற தோல் மேலயே, மேட் பிரவுனால புது மடிப்பு ஒண்ணு உருவாக்குங்க. கண்ணை மூடினா கொஞ்சம் உயரமாத்தான் தெரியும், அது சரிதான். ஷிம்மர் அந்தக் கோட்டுக்குக் கீழ, இமையில மட்டும். தொங்கற தோல் மேலயும் புருவத்துக்குக் கீழயும் ஷிம்மர் வந்தா, வெளிச்சம் பட்டு கண் வீங்கின மாதிரி ஃபோட்டோல விழும்.

லைனரை இமைமுடி வேரை ஒட்டி எவ்வளவு மெல்லிசா முடியுமோ அவ்வளவு மெல்லிசா போடுங்க. தடிச்ச கோடு, இருக்கற கொஞ்ச இடத்தையும் தின்னுடும். இமையை விரலால இழுத்துப் பிடிச்சு வரையாதீங்க. விட்டதும் தோல் சுருங்கி, கோடு நெளிஞ்சுடும். முழங்கையை மேசைல ஊன்றி, சின்ன விரலைக் கன்னத்துல வெச்சுக்கிட்டா கை ஆடாது. ஒரே இழுப்புல வரையணும்னும் இல்லை, குட்டிக் குட்டிக் கோடா போட்டு இணைச்சா போதும்.

விங் (வெளி ஓரத்துல மேல்நோக்கி நீளற லைனர் வால்) வேணும்னா, கண் திறந்தபடியே, கீழ் இமை ஓரம் மேல்நோக்கி நீண்டா எந்தத் திசையில போகுமோ அங்க ஒரு புள்ளி வைங்க. அங்கிருந்து உள்நோக்கி மடிப்பைத் தாண்டி நேர்க்கோடு. கண்ணை மூடிப் பார்த்தா நடுவுல ஒரு படி மாதிரி வளைஞ்சிருக்கும். பயந்து அதைத் திருத்தினீங்கன்னா திறக்கும்போது விங் உடைஞ்சு தெரியும். அப்படியே விட்டுடுங்க.

அச்சு விழறது ஏன்னா, லைனர் காயறதுக்குள்ள மேல் தோல் வந்து அதைத் தொடுது. வாட்டர்ப்ரூஃப் ஜெல் லைனரை மெல்லிய சாய்வு பிரஷ்ஷால போட்டு, ஒரு நிமிஷம் கீழ பார்த்தபடியே இருங்க. காஞ்சதும் அதே நிற மேட் ஷேடோவை அந்தக் கோட்டு மேல அழுத்துங்க. கோட்டைத் தொடற மேல் தோல்லயும் கொஞ்சம் நிறமில்லாத பவுடர் வைங்க. ரெண்டு பக்கமும் உலர்ந்திருந்தாத்தான் ஒட்டாது. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

வானவில்:

ரொம்ப நன்றி தூரிகை, அஞ்சனம். இன்னும் ரெண்டு கேள்வி. ஒட்டற இமைமுடி இதுவரைக்கும் வெச்சதே இல்லை, வைக்கலாமா? காஜல் இல்லாம கண் வெறிச்சோடித் தெரியுமே, அதுக்கு என்ன வழி?

மயிலிறகு:

இரண்டு மாதம் இருப்பதால் தாராளமாக வைக்கலாம், ஆனால் முழுப் பட்டை வேண்டாம். தடித்த பட்டையுள்ள இமைமுடி மூடிய இமையை இன்னும் கீழே அழுத்தும். சிறு கொத்தாக வருவதை வாங்கி, வெளி ஓரத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஒரு கண்ணுக்கு 3 அல்லது 4 கொத்து வையுங்கள். ஒன்று விழுந்தாலும் வெளியில் தெரியாது. முழுப் பட்டையில் உள் முனை எழும்பினால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

முதலில் பசையைக் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, லேட்டக்ஸ் இல்லாத பசையே பாதுகாப்பு. அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பசை வேண்டாம்.

வரிசை இப்படி: இமைமுடியை வளைக்கும் கர்லரால் வேரில் 10 விநாடி மென்மையாக அழுத்தம், பிறகு மஸ்காரா ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு கொத்துகள். மஸ்காரா போட்ட பிறகு கர்லர் பிடித்தால் முடி ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வரும். கொத்தின் வேரைப் பசையில் தொட்டு எடுத்து, வழித்துவிட்டு, 30 முதல் 45 விநாடி காத்திருங்கள். பசை வழுக்காமல் பிசுபிசுக்கும் பதம் வர வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இந்த அரை நிமிடத்தில்தான். ஈரப் பசையில் வைத்தால் கொத்து நழுவும், நகர்த்த நகர்த்த லைனர் கரையும். கண்ணாடியை மேசையில் தாழ வைத்து, கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்தபடி, ட்வீசரால் உங்கள் முடி மேலேயே, வேருக்கு ஒட்டினாற்போல் உட்கார வையுங்கள். தோல் மேல் பசை படக் கூடாது.

மஸ்காராவும் ஒன்று போதாது. மேல் முடிக்கு வாட்டர்ப்ரூஃப், அது சுருளைத் தாங்கிப் பிடிக்கும். கீழ் முடிக்கு ட்யூபிங் வகை. வாட்டர்ப்ரூஃப் தண்ணீருக்கு அசையாது, எண்ணெயில் கரையும். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இறங்குவது அதனால்தான். ட்யூபிங் வகை ஒவ்வொரு முடியையும் உறைபோல மூடிக்கொள்ளும், எண்ணெய்க்குக் கரையாது, வெதுவெதுப்பான நீரில் நனைத்து உருவினால் துண்டு துண்டாகக் கழன்று வரும். இரண்டையும் புதிதாக வாங்குங்கள். திறந்து மூன்று மாதம் கடந்த மஸ்காராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது.

காஜலை வாட்டர்ப்ரூஃப் பென்சிலால் கீழ் வாட்டர்லைனில் (இமைமுடிக்கு உள்பக்கம், கண்ணை ஒட்டிய ஈர விளிம்பு) போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளலாம்.

தூரிகை:

மயிலிறகு, காஜல் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கல்யாணத்தன்று இரண்டு மணிக்கு ஒருமுறை கண்ணாடி முன் நிற்க யார் விடுவார்கள்? அது மட்டுமல்ல, வாட்டர்லைனில்தான் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. அங்கே போடும் மை கண்ணீரில் கலந்து லென்ஸ் மேல் படியும். பார்வை மங்கும், கண் உறுத்தும், உறுத்தினால் கண்ணீர், கண்ணீர் வந்தால் மை மறுபடி இறங்கும்.

வாட்டர்லைனை விட்டுவிட்டு, கீழ் இமைமுடிக்கு வெளியே, வேரை ஒட்டி, அடர் பிரவுன் ஷேடோவைச் சிறிய பிரஷ்ஷால் வையுங்கள். வெளி ஓரத்தில் தொடங்கி நடு வரை வந்தால் போதும். மேல் இமைமுடிகளுக்கு இடையே ஜெல் லைனரைப் புள்ளி புள்ளியாக வைத்தால் கண் அடர்த்தியாகத் தெரியும். காஜல் இல்லாத குறையே தெரியாது.

அஞ்சனம்:

நான் தூரிகை பக்கம். லென்ஸ் இல்லாதவங்களுக்கு மயிலிறகு சொன்னது சரிவரும்.

ஒளிவட்டம்:

ஃபோட்டோ பற்றி யாரும் சொல்லலை, அதனால இது.

ஃப்ளாஷ் அடிச்சா கண்ணுக்குக் கீழ வெள்ளைத் திட்டு விழறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு, சிலிக்கா நிறைய இருக்கற வெள்ளை பவுடரை அள்ளி அப்பறது. இன்னொண்ணு, ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த சன்ஸ்க்ரீன். நேர்ல கண்ணாடில ரெண்டுமே தெரியாது. ஒத்திகை மேக்கப் போட்டதும் இருட்டு அறையில ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு, யாரையாவது ஃபோன் பின் கேமராவுல ஃப்ளாஷோட எடுக்கச் சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சத்துல ஒண்ணு, விளக்கு வெளிச்சத்துல ஒண்ணு. மூணையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. கேமரா நிறத்தைக் கொஞ்சம் விழுங்கும், அதனால மடிப்பு நிறமும் ப்ளஷும் கண்ணாடில சரின்னு படறதைவிட ஒரு பிடி தூக்கலா இருக்கலாம்.

விடிகாலைல போடறதால வெளிச்சத்தை முன்னாடியே ஏற்பாடு பண்ணிடுங்க. தலைக்கு மேல மஞ்சள் பல்பு மட்டும் இருந்தா கண் குழிக்குள்ள நிழல் விழும், நிறமும் ஏமாத்தும். கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் முக உயரத்துல வெள்ளை விளக்கு வேணும்.

முழு ஒத்திகை குறைஞ்சது ரெண்டு. அதுல ஒண்ணை அதே விடிகாலை நேரத்துல போட்டு, பத்து மணி நேரம் அப்படியே வெச்சிருந்து, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் கிட்ட எடுத்து வைங்க. எது முதல்ல கலையுதுன்னு அப்பதான் தெரியும். கண்ணுக்கு 45 நிமிஷம், மொத்தம் ஒன்றரை மணி, அதுக்கு மேல அரை மணி கையிருப்பு. கடைசி ஒத்திகை ஒரு வாரம் முன்னாடி. அதுக்கப்புறம் புதுப் பொருள் எதையும் தோல்ல வைக்காதீங்க. புருவம் திருத்தறது ரெண்டு மூணு நாள் முன்னாடியே முடியட்டும், சிவப்பு அடங்கணும்.

அழுகை வந்தா துடைக்காதீங்க. டிஷ்யூவைக் கூர்மையா மடிச்சு, மேல பார்த்தபடி, கீழ் இமைமுடி ஓரத்துல நுனியை வெச்சா அதுவே உறிஞ்சிடும். கூட இருக்கறவங்க கைப்பையில டிஷ்யூ, காட்டன் பட், ட்வீசர், லேஷ் பசை, நாலு கொத்து, இன்னொரு ஜோடி லென்ஸ், லென்ஸுக்கான சொட்டு இவ்வளவும் இருக்கட்டும். செட்டிங் ஸ்ப்ரேயை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, கண்ணை மூடி அடிச்சு, முழுசா காஞ்ச பிறகு திறங்க. ஈரத்தோட திறந்தா மேல் மடிப்புல மஸ்காரா புள்ளி புள்ளியா ஒட்டிக்கும்.

மயிலிறகு:

லென்ஸ் இருப்பதை நான் கவனித்திருக்க வேண்டும், தூரிகை சொன்னபடியே செய்யுங்கள் வானவில். லென்ஸை மேக்கப் தொடங்கும் முன்பே, சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையால் போட்டுவிடுங்கள். இரவில் முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது, மேக்கப் கலைப்பது அதற்குப் பிறகுதான். எண்ணெய் கலந்த ரிமூவர் லென்ஸில் பட்டால் படலமாக ஒட்டிக்கொள்ளும். ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய கண் மேல் 30 விநாடி வைத்திருந்தால் பசையும் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் இளகும். கொத்துகளைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும்.