டவுன் ஆர்ச்சில் ஏறும் முள்

குழு: களக்காட்டு வீடு

திங்கள்

நான், மாலை 6:10
எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். இஞ்சின் கொதிக்கிறது என்று நம் காரைச் சனிக்கிழமை திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் விட்டேன் இல்லையா, இப்போதுதான் அட்வைசர் போன் செய்தார். ஹெட் கேஸ்கெட், அதாவது இஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டதாம். இஞ்சினைப் பிரித்து, ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். எஸ்டிமேட் 74,600 ரூபாய். இன்றைக்குள் சரி சொல்லாவிட்டால் வண்டியை லிப்டிலிருந்து இறக்கி வெளியே நிறுத்திவிடுவார்களாம்.

அம்பை அத்தை, 6:14
எழுபத்து நாலாயிரமா! வியாழக்கிழமை அம்மாவை, உன் ஆச்சியை, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமே மக்கா.

நான், 6:15
அதுதான் அத்தை எனக்கும் பயம். போன மாதம் இதே கோளாறுக்குத்தான் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் அதற்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வும் மாற்றி 9,840 வாங்கினார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, திருநெல்வேலி டவுன் ஆர்ச் பக்கம் நிற்கும்போது இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மறுபடியும் ஏறிவிட்டது.

தென்காசி பெரியப்பா, 6:21
ஏட்டி, அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதே. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். முள் எங்கெல்லாம் ஏறுகிறது? எங்கே ஏறவில்லை?

நான், 6:24
களக்காட்டிலிருந்து நாங்குநேரி, மூன்றடைப்பு, பொன்னாக்குடி தாண்டி வரும்வரை பாதிக்குக் கீழேதான் நிற்கும் பெரியப்பா. எண்பதில் போனாலும் அசையாது. டவுனுக்குள் நுழைந்து ஆர்ச் பக்கம் நெரிசலில் மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் முக்காலுக்கு வந்துவிடும். வண்டி நகர ஆரம்பித்தால் தானாக இறங்கும்.

தென்காசி பெரியப்பா, 6:25
ஏசி எப்படி?

நான், 6:26
ஓடும்போது நன்றாகக் குளிரும். சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். அதையும் சொன்னேன். பழைய வண்டி, கேஸ் குறைந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

தென்காசி பெரியப்பா, 6:27
கேஸ்கெட் போனதற்கு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். கூலண்ட் குறைகிறதா? ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை?

அப்பா, 6:31
நான் தினமும் காலையில் பார்க்கிறேன் அண்ணன். கூலண்ட் கோட்டிலேயே நிற்கிறது. ஆயில் சுத்தமாக இருக்கிறது. புகை எதுவும் இல்லை.

தென்காசி பெரியப்பா, 6:44
இப்போது கேள். நான் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் பணிமனையில் சேர்ந்தவன். பஸ் வேறு, கார் வேறுதான். ஆனால் சூடு போகிற வழி எல்லா இஞ்சினுக்கும் ஒன்றுதான். கூலண்ட் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும், அங்கே காற்று பட்டு ஆறும். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே போதும். நின்றால் காற்றுக்கு ஃபேன் ஒன்றுதான் கதி.

தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டால் மூன்றடைப்பு தாண்டும் முன்பே முள் ஏறியிருக்கும். வாட்டர் பம்ப் போயிருந்தாலும், ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் பெரும்பாலும் ஓட்டத்திலும் காட்டும். உன் வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது கொதிக்கிறது. ஏசியும் அதே கதை, ஏனென்றால் ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் படுத்துக்கொண்டால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும்.

வள்ளியூர் அத்தான், 6:47
மாமா சொல்வது சரி. ஆனால் அங்கே இப்படி யாரும் யோசிக்க மாட்டார்கள். வண்டி உள்ளே போனதும் ஸ்கேனர் போடுவார்கள். எரர் கோடு வந்தால் அந்தப் பாகம். வராவிட்டால் அசெம்பிளி முழுவதும். என் பழைய டாக்ஸியில் முன்பக்கம் கடகட என்று சத்தம் வந்தது. ஸ்டீயரிங் ரேக் முழுதாக மாற்ற 42,000 என்றார்கள். வள்ளியூரில் ஒரு அண்ணாச்சி டை ராட் எண்ட் இரண்டும் மாற்றி 2,600-ல் முடித்தார். அதற்கப்புறம் இரண்டு வருடம் ஓட்டினேன்.

நான், 6:49
அப்படியானால் கேஸ்கெட் போகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா பெரியப்பா?

தென்காசி பெரியப்பா, 6:53
தென்காசியில் உட்கார்ந்துகொண்டு நான் அப்படிச் சொல்ல முடியாது. பல தடவை கொதித்த இஞ்சினில் ஹெட் வளைந்து கேஸ்கெட் போவதும் உண்டு. ஆனால் அதைப் பார்க்க வழி இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது கூலண்ட் டேங்கில் விடாமல் குமிழி வருகிறதா, டேங்கில் கொடுத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா, டேங்கின் மேல் வைக்கும் நீல மருந்து மஞ்சளாகிறதா என்று பார்க்கலாம். எந்தப் பரிசோதனை செய்து கேஸ்கெட் என்றார்கள்? அதைக் கேள்.

பாளை மைனி, 7:05
கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். மாமா கேட்கச் சொல்வதை எழுத்தில் கேள். வாட்ஸ்அப்பில் அட்வைசருக்கு அனுப்பு: என்ன கோளாறு, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, ஸ்பேருக்கு எவ்வளவு, லேபருக்கு எவ்வளவு. நான் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை எதையும் பிரிக்க வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. இன்றைக்குள் சரி சொல் என்று நெருக்கினால் அந்த நெருக்கடி அவர்களுடையது, உன்னுடையது இல்லை.

அம்பை அத்தை, 7:11
நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள் அண்ணன். 2013 மாடல். இன்னும் எத்தனை தடவை இப்படிச் செலவு செய்வீர்கள்? வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமே.

அப்பா, 7:26
கோபம் இல்லை தாயி. நான் ரிட்டையர் ஆன பணத்தில் வாங்கிய வண்டி அது. வாங்கும்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,28,000. இந்த ஓட்டத்தில் பாதி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதுதான். பஸ் படியில் அவளால் கால் வைக்க முடியவில்லை. இந்த வண்டியில் சீட்டின் உயரம் அவளுக்குச் சரியாக இருக்கிறது, யாரும் தூக்கிவிடாமல் அவளே உட்காருகிறாள். ஆர்சி 2028 வரை இருக்கிறது. அப்புறமும் ஆர்டிஓ ஆபீசில் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். இஞ்சின் நன்றாக இருக்கும்போது கோளாறு என்னவென்றே தெரியாமல் அதை விற்க எனக்கு மனசில்லை.

அம்பை அத்தை, 7:28
சரி அண்ணன். அம்மா ஏறுவதை நான் யோசிக்கவில்லை.

செவ்வாய்

நான், காலை 11:40
சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறேன். நேற்று இரவு அனுப்பியதற்குப் பதில் இல்லை, நேரில் கேட்டேன். வண்டிக்கு என்ன வேலை என்று அவர்கள் எழுதிவைக்கும் ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். "ஓவர் ஹீட், செக்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தப் பரிசோதனையும் எழுதவில்லை. கேஸ்கெட் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால், தெர்மோஸ்டாட் மாற்றியும் சூடாகிறது, அப்படியானால் அடுத்தது கேஸ்கெட்தான் என்கிறார்.

தென்காசி பெரியப்பா, 11:42
அது ஊகம். உன் எதிரிலேயே இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொல். பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார். கை வைக்காதே. இஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டில் யாரும் திறக்கக் கூடாது, முகத்தில் அடித்துவிடும்.

நான், 12:18
சுற்றவில்லை பெரியப்பா. பத்து நிமிடம் நின்று பார்த்தேன், ஃபேன் அசையவே இல்லை. டேங்கில் குமிழியும் இல்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக் பையன்தான் முதலில் "அக்கா, ஃபேன் வரவில்லை" என்றான். அட்வைசர் பார்த்துவிட்டு, அப்படியானால் ஃபேன் அசெம்பிளி முழுதாக மாற்றலாம், 18,400, பழைய மாடல் என்பதால் ஸ்பேர் வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்.

வள்ளியூர் அத்தான், 12:20
நேற்று 74,600, இன்று 18,400. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

நான், 12:22
எடுப்பதென்றால் பார்வைக் கட்டணம் 1,500, வரியோடு 1,770 கட்ட வேண்டுமாம். பில் எதற்கு, ரசீது போதாதா என்று கவுண்டரில் கேட்கிறார்கள்.

பாளை மைனி, 12:25
பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. சேவைக்கு பில் கொடுக்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. கட்டணத்தைக் கட்டு, பில்லில் என்ன பார்த்தோம் என்று எழுதி வாங்கு. "ரேடியேட்டர் ஃபேன் இயங்கவில்லை" என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். ஜாப் கார்டையும் படம் எடுத்துக்கொள்.

நான், 1:10
வாங்கிவிட்டேன். அந்த வரியும் இருக்கிறது. எழுதுவதற்கு மேலாளரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு பேரிடம் இதே கதையைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. சரி, ஃபேன் இல்லாமல் எப்படி ஓட்டி வருவது?

தென்காசி பெரியப்பா, 1:14
வெயில் இறங்கிய பிறகு கிளம்பு. டவுன் பக்கமே போகாதே, பைபாஸைப் பிடி. ஏசி வேண்டாம். முள் பாதியைத் தாண்டினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடு. உனக்கு வேர்க்கும், ஆனால் இஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துவிடும். அப்புறமும் ஏறினால் ஓரம் கட்டி அணைத்துவிடு. சிவப்பில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. அப்படி ஓட்டினால் போகாத கேஸ்கெட்டும் போய்விடும்.

நான், இரவு 8:35
நாங்குநேரி வந்துவிட்டேன். பொன்னாக்குடிக்கு அப்புறம் முள் அசையவில்லை. அத்தான் சொன்ன எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கடையில் விட்டிருக்கிறேன், காலையில் பார்க்கிறேன் என்றார். அப்பா பைக்கில் வந்து கூட்டிப் போகிறார்.

புதன்

நான், பகல் 12:50
கேளுங்கள். ஃபேன் மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை!! அண்ணாச்சி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், அடுத்த நொடியே ஜம் என்று சுற்றியது. அப்புறம் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் மாதிரியான ரிலேயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கருகியிருக்கிறது, அது உட்காரும் சாக்கெட்டின் ஒரு பின்னும் உருகியிருக்கிறது. ரிலே 380, சாக்கெட்டும் ஒயரும் 250, கூலி 600. மொத்தம் 1,230 ரூபாய்.

வள்ளியூர் அத்தான், 12:52
அண்ணாச்சியிடம் ஏன் கருகியது என்று கேட்டாயா? காரணம் தெரியாமல் மாற்றினால் புதியதும் போகும்.

நான், 1:03
கேட்டேன் அத்தான். பின் லூசாகிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. லூசான இடத்தில்தான் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் ரிலேயும் கருகியது என்றார். ஃபேன் இழுக்கும் கரண்ட்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தார், மோட்டார் இறுகவில்லை, அளவாகத்தான் இழுக்கிறது என்றார். வண்டியை நிறுத்தியபடியே முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம். ஃபேன் தானாக வருகிறது, போகிறது. முள் பாதியைத் தாண்டவில்லை. டேங்கில் குமிழி இல்லை. ஏசியும் குளிர்கிறது, கேஸ் ஏற்றவே இல்லை.

தென்காசி பெரியப்பா, 1:06
நல்லது. அந்த அண்ணாச்சிக்கு நான் வணக்கம் சொன்னதாகச் சொல். கூலண்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றாதே. நம் பக்கத்து உப்பு ரேடியேட்டருக்குள் படிந்தால் பிறகு அது நிஜமாகவே அடைத்துக்கொள்ளும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்ததுதான்.

அப்பா, 1:09
ஒரு கேன் வாங்கி டிக்கியில் வைக்கிறேன் அண்ணன்.

வியாழன்

நான், காலை 10:45
டவுன் ஆர்ச்சில் நிற்கிறோம். 20 நிமிடமாக ஒரே நெரிசல். முள் பாதியில்தான். ஆச்சி பின்சீட்டில் ஏசிக் காற்று குளிர்கிறது என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள்.

அம்பை அத்தை, 10:47
எனக்கு அழுகையே வருகிறது மக்கா. அம்மாவுக்குக் கட்டுப் பிரித்ததும் போன் செய்.

சனி

பாளை மைனி, காலை 9:20
கடிதம் எழுதிவிட்டேன், உன் நம்பருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். திட்டி ஒரு வார்த்தை இல்லை. போன மாதத்து 9,840-க்கு எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் தெர்மோஸ்டாட் மாற்றினீர்கள், ஃபேன் ஏன் பார்க்கப்படவில்லை, கேஸ்கெட் எஸ்டிமேட் எதை வைத்துப் போடப்பட்டது என்று மூன்று கேள்விதான். தெர்மோஸ்டாட் பணத்தையும் பார்வைக் கட்டணத்தையும் 15 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று முடித்திருக்கிறேன். இரண்டு பில், ஜாப் கார்டு, அண்ணாச்சி எழுதித் தந்த சீட்டு, நான்கின் நகலையும் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு.

நான், 9:26
அவர்கள் பதிலே தராவிட்டால் மைனி?

பாளை மைனி, 9:33
முதலில் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய். அதிலும் நகராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீயே பேசலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கருகிய ரிலேயைத் தூக்கி எறிந்துவிடவில்லையே?

அப்பா, 9:35
என்னிடம் இருக்கிறது. கவரில் போட்டுத் தேதி எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

நான், மாலை 4:15
கடிதம் அனுப்பியாகிவிட்டது. அதன் படத்தை அட்வைசருக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. கடிதமெல்லாம் எதற்கு மேடம், திங்கட்கிழமை நேரில் வாருங்கள், மேலாளர் பேசி முடித்துத் தருவார் என்கிறார்.

பாளை மைனி, 4:17
போகலாம். ஆனால் என்ன தருகிறார்கள் என்று அதற்கு முன் எழுத்தில் வரட்டும்.

நான், 4:18
அதையேதான் சொன்னேன் மைனி. மெயிலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று.