குரூப் டூரா, தனியாவா? ரெண்டும் பார்த்தவனோட கதை

ஃபர்ஸ்ட் டைம் வெளிநாடு போற எல்லாருக்கும் வர்ற குழப்பம்தான், பேக்கேஜ்ல போயிடலாமா இல்ல நாமளே புக் பண்ணிக்கலாமான்னு. நான் ஒரே வருஷத்துல ரெண்டும் பண்ணிட்டேன், 2024 ஜனவரில தாய்லாந்து பேக்கேஜ், நவம்பர்ல வியட்நாம் தனியா. அப்போ வயசு 25, ஊரு திருச்சி. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தாய்லாந்துக்கு நானும் ஃப்ரெண்டும் சேர்ந்துதான் பணம் கட்டினோம், கடைசி நேரத்துல லீவு கிடைக்கலன்னு அவன் கழண்டுக்கிட்டான், அட்வான்ஸ் திரும்ப வராதுன்னுட்டாங்க, அதனால நான் மட்டும் போனேன். அப்பதான் இந்தியர்களுக்கு விசா வேணாம்னு தாய்லாந்து சொல்லி ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு, ஆனா பில்லுல 'விசா அசிஸ்டன்ஸ்'னு ஒரு லைன் அப்படியே உக்காந்திருந்துச்சு. கேட்டா "அது ஹேண்ட்லிங் சார்ஜ் சார்"ங்கறாங்க. அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல டிசிஎஸ்னு, அதாவது டூர் கம்பெனியே முன்கூட்டி பிடிச்சுக்கிற வருமான வரி, அப்போ 5%. இந்த டிசிஎஸ் ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது வரவு வச்சுக்கலாம், ஆனா விளம்பரத்துல போடுற ரேட்டுல அது இருக்காது, கையில காசு எண்ணி வச்சிருக்கவங்க இதைக் கணக்குல சேத்துக்கோங்க.

குரூப்ல 38 பேர். என் வயசுல இன்னும் ஒரே ஒரு பையன், மிச்சம் எல்லாம் ஹனிமூன் ஜோடி, இல்லன்னா ரிட்டையர் ஆனவங்க. ட்வின் ஷேரிங்னு சொல்லி எனக்கு ரூம்மேட்டா வந்தது கரூர்க்கார அங்கிள் ஒருத்தர், இபில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பெட்டியைத் திறந்தா பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கரண்ட் கெட்டில், ஒரு சின்ன நல்லெண்ணெய் பாட்டில். நல்ல மனுஷன். ஆனா குறட்டைன்னா அப்படி ஒரு குறட்டை, முதல் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏசி ரிப்பேர்னு நினைச்சு நான் ரிசப்ஷனுக்கு ஃபோன் பண்ணப் போயிட்டேன்.

ஆறு மணிக்கு எழுப்புவாங்க, ஏழுக்கு டிபன், எட்டுக்கு பஸ். பாங்காக்ல வாட் ட்ரைமிட்னு ஒரு கோயில், அஞ்சரை டன் எடையுள்ள தங்க புத்தர் இருக்கார். ரொம்ப காலமா மேல சுதை பூசியிருந்ததால தங்கம்னே யாருக்கும் தெரியல, 1955ல இடம் மாத்தும்போது சுதை உடைஞ்சுதான் உள்ள மின்னுறது தெரிஞ்சிருக்கு. இதைக் கேட்டா எனக்கு அங்க ஒரு மணி நேரம் நிக்கணும்போல இருந்துச்சு. கொடுத்த டைம் இருபது நிமிஷம். அதுக்கு அடுத்து ஒரு ஜெம்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க ஒண்ணரை மணி நேரம். வெளிய வர்ற வழிகூட கடையைச் சுத்திட்டுதான் வரணும். பேக்கேஜ் ரேட் ஏன் கம்மியா இருக்குன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுச்சு, யாரோ அந்த மோதிரத்தை வாங்கணும்ல.

கடைசி நாள் மதியம் வரைக்கும் ஃப்ரீ டைம். நானும் அந்தப் பையனும் பெரிய வீரனுங்க மாதிரி கிராண்ட் பேலஸ் பாக்கக் கிளம்பினோம். அரண்மனைச் சுவர் பக்கத்துல டீசன்டா சட்டை போட்ட ஒரு ஆளு, "இன்னிக்கு பேலஸ் க்ளோஸ், பூஜை நடக்குது, மதியம்தான் திறக்கும், அதுவரைக்கும் இந்த டுக்டுக்ல இருபது பாத்துக்கு (தாய்லாந்து காசு) நாலு கோயில் பாருங்க"ன்னான். ஏறிட்டோம். முதல் கோயில் உண்மையிலயே கோயில்தான். ரெண்டாவது ஸ்டாப் எங்க தெரியுமா? ஜெம்ஸ் கடை. டூர்ல போனாலும் அதே, தனியா போனாலும் அதே. பேலஸ் அன்னிக்குக் காலைல எட்டரைக்கே திறந்துதான் இருந்திருக்கு. இது பாங்காக்ல காலங்காலமா நடக்குற ஏமாத்து வேலைன்னு ரூமுக்கு வந்து தேடினப்புறம்தான் தெரிஞ்சுச்சு. யாரு எது சொன்னாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் நடந்து போய் நீங்களே பாருங்க, அவ்வளவுதான்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். பட்டாயால அங்கிளுக்கு ராத்திரி பிரஷர் ஏறி தலைசுத்தல் வந்துடுச்சு. டூர் மேனேஜர் பத்து நிமிஷத்துல வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அவரே பார்த்து, காலைல நாலு மணிக்குத் திரும்பக் கொண்டாந்து விட்டார். எட்டு மணி பஸ்சுல வழக்கம்போல மைக் பிடிச்சு நின்னார். அந்த ஆளுக்கு நாங்க கொடுத்த டிப்ஸ் பத்தவே பத்தாது.

அடுத்து வியட்நாம். திருச்சில இருந்தே சைகோனுக்கு, அதாவது ஹோ சி மின் சிட்டிக்கு, அப்போ நேரா ஃப்ளைட் இருந்துச்சு, 2023 நவம்பர்ல ஆரம்பிச்சாங்க. இ-விசா 25 டாலர், கவர்ன்மென்ட் சைட்லயே நானே போட்டேன், பேரு மட்டும் பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே எழுத்து மாறாம அடிக்கணும். சைகோன்ல இறங்கி மதியமே ஹனோய்க்கு உள்நாட்டு ஃப்ளைட் பிடிச்சுட்டேன். ஹனோய் ஏர்போர்ட்ல இருந்து 86 நம்பர் பஸ்சுல ஓல்டு குவார்ட்டர், ஹாஸ்டல்ல எட்டு பெட் டார்ம்.

முதல் நாள் சாயங்காலம் ரோட்டோரம் ஒரு பாட்டி கடை. நம்ம ஊர்ல பச்சக் குழந்தைக்கு வாங்குவோமே அந்த சைஸ் பிளாஸ்டிக் ஸ்டூல், முட்டி ரெண்டும் காதுகிட்ட வந்துடும். ஐஸ் டீ அஞ்சாயிரம் டோங், நம்ம காசுக்கு இருபது ரூபாய்கூட இல்ல. குடிச்சுட்டு இருபதாயிரம் நோட்டுன்னு ஒண்ணை நீட்டினேன். பாட்டி நோட்டைப் பாக்குது, என்னைப் பாக்குது, ஏதோ திட்டுது. அப்புறம் என் பர்ஸைப் பிடுங்கி, நான் கொடுத்த நோட்டை உள்ள வச்சு, வேற ஒரு நீல நோட்டை எடுத்துட்டு, மிச்சம் பதினஞ்சாயிரத்தை எண்ணி கையில திணிச்சுச்சு. நான் கொடுத்திருந்தது அஞ்சு லட்சம். 20,000மும் 5,00,000மும் ரெண்டுமே நீலம், ரெண்டுலயும் ஹோ சி மின் படம், மங்கலான வெளிச்சத்துல சத்தியமா வித்தியாசம் தெரியாது. அன்னிக்கே பெரிய நோட்டை எல்லாம் ஷர்ட் பாக்கெட்டுக்கு மாத்திட்டேன். அதுக்கப்புறமும் ஒரு டாக்சில ஏமாந்தேன், அது தனிக் கதை.

தனியா போனதுல சறுக்கினது ஹுவேல. நவம்பர்ல நடு வியட்நாம்ல நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை மாதிரியே அடைமழைன்னு நான் பாக்கவே இல்ல, ஹனோய்ல வெயில் அடிக்குதுன்னா எல்லா இடத்துலயும் அடிக்கும்னு நினைப்பு. ஹுவேல இருந்து டா நாங் ரயில் ஹாய் வான் மலை ஓரமா கடலை ஒட்டிப் போகும், அதுக்குன்னே இடது பக்கம் ஜன்னல் சீட் தேடிப் போட்டேன். ஜன்னல் முழுக்க மழைத்தண்ணி, கடலும் தெரியல ஒண்ணும் தெரியல. போதாததுக்கு வயிறு வேற கலங்கிடுச்சு, ரெண்டு நாள் டார்ம் பெட்ல ஓஆர்எஸ் குடிச்சுட்டுப் படுத்திருந்தேன், "தம்பி சாப்டியா"ன்னு கேக்க ஆளில்ல. கரூர் அங்கிளோட புளிக்காய்ச்சல் அப்போ நினைவுக்கு வந்துச்சு, பொய் சொல்லல.

ஆனா மொத்த ட்ரிப்லயும் பெஸ்ட் எதுன்னா ஹா ஜியாங் லூப். சீன எல்லைகிட்ட மலைப்பாதை, மூணு நாள் பைக்ல சுத்தி வரணும். அதை நான் குரூப்லதான் போனேன்! ஹனோய் ஹாஸ்டல்லயே போட்டுத் தந்தாங்க, பதினொரு பேர், எல்லாம் இருபதுல இருந்து முப்பதுக்குள்ள, பிரேசில், அயர்லாந்து, கொரியான்னு. ஆளுக்கு ஒரு லோக்கல் டிரைவர், நாம பின்னாடி உக்காரணும். ராத்திரி ஹோம்ஸ்டேல பெரிய மேசையில எல்லாருக்கும் ஒண்ணா சாப்பாடு, சோளச் சாராயம் ஊத்துறாங்க, அப்புறம் கரோக்கி. நான் பாடின தமிழ்ப் பாட்டுக்கு என் டிரைவர் ஆடினதை வீடியோ எடுத்து வச்சிருக்கேன். மா பி லெங் கணவாயில நின்னு கீழ நோ குவே ஆத்தைப் பாத்தப்போ, யாரும் "பஸ் ரெடி"ன்னு கத்தல. குரூப்னா எனக்கு அலர்ஜி இல்லன்னு அங்கதான் தெரிஞ்சுச்சு. அங்க போய், வேணுங்கற மூணு நாளைக்கு மட்டும், நம்ம வயசுக்காரங்களோட சேர்றது வேற. இங்கயே ஏர்போர்ட்ல தொப்பி மாட்டி ஆறு நாளைக்கும் சேத்துக் கட்டிப்போடுறது வேற.

*

அண்ணா, உங்க போஸ்ட்டைப் படிச்சேன், உங்க கதைக்கு நேர் எதிர் எனக்கு. நான் மதுரை, பொண்ணு, 26 வயசு. எனக்கு குரூப் டூர்னா அது எனக்காக இல்ல, அம்மாவுக்காக. தனியா போறேன்னா வீட்ல நடக்கவே நடக்காது, 'குரூப்'னு சொன்னதும் பாஸ்போர்ட் எடுத்துக் கையில கொடுத்தாங்க.

மலேசியா அஞ்சு நாள். பத்துமலைக்குக் கொடுத்த டைம் நாப்பத்தஞ்சு நிமிஷம். 272 படி ஏறி, மூச்சு வாங்கி, குகைக்குள்ள சாமி பாக்குறதுக்குள்ள கீழ விசில். எனக்கு ரூம்மேட்டா விருதுநகர் டீச்சரம்மா ஒருத்தங்க, அறுபத்தொரு வயசு, அவங்க பாதிப் படியிலயே திரும்பிட்டாங்க, முகமே வாடிப்போச்சு. ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் ஷாப்பிங் மாலுக்குப் போறப்போ, "ஏம்மா, நாம ரெண்டு பேரும் முருகனைப் பாத்துட்டு வந்துருவோமா"ன்னு கேட்டாங்க. கேஎல் சென்ட்ரல்ல கேடிஎம் ரயில் ஏறினா நேரா பத்துமலை ஸ்டேஷன், இறங்கினா கோயில் வாசல், டிக்கெட்டும் சில ரிங்கிட்தான். அவங்க இருபது இருபது படியா உக்காந்து உக்காந்து ஏறினாங்க, நான் பக்கத்துல குரங்கு பையைப் பிடுங்காம காவல். மேல போய் அழுதுட்டாங்க. டூர் மேனேஜர்கிட்ட சொல்லாமப் போனதுக்கு திட்டு வாங்கினோம், அது வேற.

அதனால நான் சொல்றது, கூட வர்ற குரூப்ல ஒரே ஒரு ஆள் செட் ஆயிட்டா போதும். அடுத்து சிங்கப்பூர் அவங்களும் நானும் பேக்கேஜ் இல்லாம போகப்போறோம், அம்மா ஓகே சொல்லிட்டாங்க, டீச்சர் கூடன்னா பரவால்லயாம்.

*

ஜெர்மனில மாஸ்டர்ஸ் பண்றேன். நீங்க யாரும் சொல்லாத மூணாவது வகை ஒண்ணு இருக்கு, 'நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போறது'. தயவுசெஞ்சு யோசிச்சுப் பண்ணுங்க. பாரிஸ் போனோம், ஒருத்தனுக்கு மியூசியம், ஒருத்தனுக்கு ஈஃபிள் டவர்கிட்ட ரீல்ஸ், ஒருத்தன் எந்த காபி வாங்கினாலும் அதை ரூபாய்ல மாத்திச் சொல்லுவான், மூணாவது நாள் மெட்ரோல என் பர்ஸ் போச்சு, அதுக்கும் எங்களுக்குள்ளயே சண்டை. திரும்பி வந்து கணக்கு முடிக்க ரெண்டு மாசம். அதுக்கப்புறம் நான் தனியாதான். போற ஊர்ல முதல் நாள் காலைல ஃப்ரீ வாக்கிங் டூர் ஒண்ணு சேர்ந்துடுவேன், முடிவுல டிப்ஸ் கொடுத்தா போதும், ஊரும் பிடிபடும், சாயங்காலம் கூட சாப்பிட ஆளும் கிடைக்கும். 27 வயசு வரைக்கும் ஐரோப்பா ரயில் பயணத்துக்கான யூரெய்ல் பாஸ்ல யூத் ரேட் உண்டு, அதை விட்றாதீங்க.

*

ப்ரோ ஹா ஜியாங்ல பைக் நாமளே ஓட்ட முடியாதா? நான் புல்லட்ல லடாக் வரைக்கும் போனவன். பின்னாடி உக்காந்து போறது ஒரு மாதிரி இருக்கும்ல.

*

போஸ்ட் போட்ட திருச்சிக்காரன்தான் பேசறேன், பைக் பத்திக் கேட்டது நல்லதாப் போச்சு. வாடகைக்குக் கொடுப்பாங்க, கேள்விகூட கேக்க மாட்டாங்க, பிரச்சினை அது இல்ல. நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல கொடுக்குற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துப்படி உள்ளது, வியட்நாம் ஏத்துக்கறது 1968 ஒப்பந்தத்துப்படி உள்ளது. அதனால உங்க லைசென்ஸ் அங்க செல்லாது. போலீஸ் பிடிச்சா ஃபைன், அதைக்கூட விடுங்க, விழுந்தீங்கன்னா லைசென்ஸ் இல்லாம ஓட்டினதா சொல்லி இன்சூரன்ஸ் கைவிரிச்சுடும். எங்க குரூப்ல ஒரு அயர்லாந்துப் பையன் முந்தின வாரம் வேற ஊர்ல தானே ஓட்டி விழுந்து முழங்கை முழுக்க கட்டோட வந்திருந்தான், பில் முழுசும் சொந்தக் காசு. பின்னாடி உக்காந்தா ரெண்டு கையும் ஃப்ரீ, ரோட்டைப் பாக்காம மலையைப் பாக்கலாம், கௌரவம் எல்லாம் முதல் வளைவுலயே போயிடும்.

வெஜ் பத்தி ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க. "ஆன் சாய்"னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க. அமாவாசை பௌர்ணமின்னா அங்கயும் நிறைய பேர் சைவம்தான், கடையும் கூடுதலா இருக்கும். மத்த நாள்ல மீன் சாஸ் ஊத்தாம போடச் சொல்லி ஃபோன்ல எழுதிக் காட்டுங்க. சைகோன்ல பென் தான் மார்க்கெட் பக்கத்துல மாரியம்மன் கோயில் இருக்கு, அந்தக் காலத்துல போன நம்ம ஆளுங்க கட்டினது. இப்போ கும்பிட வர்றவங்கள்ல பெரும்பாலும் வியட்நாம்காரங்கதான், பின்பக்கக் கல்சுவத்துல நெத்தியை வச்சு வேண்டுதலை மெதுவா சுவத்துகிட்டயே சொல்றாங்க. பிரசாதம் எதிர்பார்த்துப் போகாதீங்க.

அப்புறம், கரூர் அங்கிள் போன வாரம் ஃபோன் பண்ணினார். வியட்நாம் ஃபோட்டோ எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்திருக்கார். "அடுத்த தடவை போறப்ப சொல்லு தம்பி, பேக்கேஜ் வேணாம், நாம ரெண்டு பேரும் ரூம் ஷேர் பண்ணிக்கலாம், பொடி எல்லாம் நான் கொண்டாரேன்"ங்கறார். இன்னும் பதில் சொல்லல. பொடி ஓகே, அந்தக் குறட்டைதான் யோசனையா இருக்கு.