பிளெண்டட் லேர்னிங்: ‘கலப்பு’ வேண்டாம், வேறு சொல் தேடலாம்

மடல் 1 (மன்னார்குடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் இப்போது ‘பிளெண்டட் லேர்னிங்’: நேரில் நடத்தும் பாடத்தோடு கணினி, கைப்பேசி வழிப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் முறை. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டபோது ஒருவர் எழுதியது:

> ‘கலப்புக் கற்றல்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது, சரி. ஆனால் நான் கணக்கு வாத்தியார். கலப்பு பின்னம், கலப்பு எண் என்று அந்தச் சொல்லுக்கு எங்களிடம் ஏற்கெனவே வேலை அதிகம். பக்கத்து அறையில் கலவைக்கும் சேர்மத்துக்கும் வேறுபாடு நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் ஒரு கருத்துரு வெளியிட்டது. பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையத்தில் நடத்தலாம், மீதி நேரில். உரமூட்டையில் 17:17:17 என்று போடுவதுபோல விகிதம் பார்த்துச் சேர்ப்பதற்குக் ‘கலப்பு’ பொருந்தும். வகுப்பில் நான் பார்ப்பது வேறு.

பத்தாம் வகுப்பில் y = x² + x − 2 வரையச் சொன்னேன். ஒரு பையனின் வளைவு நடுவில் கரை உடைந்த வாய்க்கால் மாதிரி சரிந்து கிடந்தது. x = −1 வரும் இடத்தில் y-க்கு −4 போட்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி இருந்த கைப்பேசியைக் கொடுத்து, அதே சமன்பாட்டை அடிக்கச் சொன்னேன். வழவழவென்று ஒரு பரவளையம் வந்தது. திரையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி திரை. அப்புறம், “சார், மைனஸ் ஒன்னோட வர்க்கம் பிளஸ் ஒன்னுல்ல!” என்று அழிப்பானைத் தேடினான். −4 போய் −2 வந்தது.

கைப்பேசியை முதலிலேயே கொடுத்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். தாள் மட்டும் இருந்திருந்தால் என் சிவப்பு மைதான் அவனுக்குச் சொல்லியிருக்கும். ஒன்றுக்குள் இன்னொன்று எப்போது நுழைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செயலியை முன்பே இறக்கி வைத்திருந்ததால் அன்றைக்கு இணையமும் தேவைப்படவில்லை. ‘இணைவழிக் கற்றல்’ என்று ஒருவர் சொன்னார். அச்சுக்கோக்கும்போது ஒரு ‘ய’ தவறி உள்ளே வந்தால் ‘இணையவழி’ ஆகிவிடும்.

என் பரிந்துரை: ஊடுகற்றல். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிக்கிறோமே, அப்படி.

மடல் 2 (கும்பகோணத்திலிருந்து)

தம்பிக்கு வணக்கம்.

உவமை நன்று, பெயர் தவறு. நெல்லில் தெளிக்கிற உளுந்து ஊடுபயிர் ஆகாது. நெல் போனபின் மிச்ச ஈரத்தில் தனியாக வளர்கிறது. அதை நெல் தரிசுப் பயறு என்பார்கள். மேலும் ‘ஊடு’ என்று பலகையில் எழுதிப் பாருங்கள். பையன்கள் ஊடலுக்குப் போய்விடுவார்கள். முப்பது ஆண்டு திருக்குறள் நடத்தியவன் சொல்கிறேன்.

தொல்காப்பியத்தில் விரவுப்பெயர் என்று ஒன்று உண்டு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. ஆளும் சாத்தன், காளையும் சாத்தன். உங்கள் வகுப்பில் ஆசிரியர் உயர்திணை, கைப்பேசி அஃறிணை. பாடம் இரண்டுக்கும் பொது. ஆகவே ‘விரவுக் கற்றல்’ என்கிறேன். கலைச்சொல் குட்டி போட வேண்டும், இது போடும். விரவு வகுப்பு, விரவுப் பாடம், விரவிக் கற்பித்தல். ‘கலப்பு’ என்று வைத்தால் ‘கலந்து கற்பித்தல்’ என்றாகி, ஏதோ கலப்படம் மாதிரி ஒலிக்கும்.

மடல் 3 (நாகப்பட்டினத்திலிருந்து)

ஐயா, நேற்றே ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “இரவுக் கற்றலா மிஸ்? ராத்திரியும் படிக்கணுமா?” என்றார்கள். எழுதிக் காட்டினால் சரியாகிறது, காதில் விழும்போது ‘வி’ காணாமல் போகிறது.

அது நிற்க. எனக்கு வேறொரு சொல் வேண்டும். 42 பிள்ளைகள், ஆறு கைப்பேசிகள். மூன்று குழுவாகப் பிரித்து ஊசல் பாடம் நடத்தினேன். ஒரு குழு நூலில் கல்லைக் கட்டி ஆட்டியது. ஒரு மீட்டர் நூல், பத்து அலைவுக்கு ஏறத்தாழ 20 விநாடி. இன்னொரு குழு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனையில் அதே ஊசலை ஆட்டியது. மூன்றாவது குழு குறிப்பேட்டில் கணக்குப் போட்டது. கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற்றம். கல் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், “இது ஏன் மிஸ் நிக்கவே மாட்டேங்குது?” என்று திரையைக் காட்டினாள். அதில் உராய்வு சுழியில் இருந்தது. அவளே தேடிப் பிடித்து உராய்வைக் கூட்டினாள்.

இந்த ஸ்டேஷன் ரொட்டேஷனைச் ‘சுழற்சி நிலைய முறை’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். பேருந்து நிலையம் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு முறை வைக்கிறார்களே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன? ‘முறைவைப்பு’. எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. “இன்னிக்கு யார் முறை?” என்று அவர்களே கேட்கிறார்கள்.

மடல் 4 (மன்னார்குடியிலிருந்து)

டீச்சர், ‘முறைவைப்பு’க்கு மறுபேச்சே இல்லை, ஏற்றிவிட்டேன். என் ‘ஊடுகற்றல்’ விலகிக்கொள்கிறது. ஐயா சொன்ன தரிசுப் பயறு விவரம் என் அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் தலைகாட்ட முடியாது. ‘விரவுக் கற்றல்’ பட்டியலில் பரிந்துரையாக நிற்கட்டும். பேச்சில் ‘விரவு வகுப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், இரவு கொஞ்சம் விலகுகிறது.

அடுத்த இழையில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம், அதாவது பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்யும் முறை. தயவுசெய்து யாரும் ‘கவிழ்ந்த வகுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள், தேர்வு முடிவு வருகிற நேரம்.